பெயர் வைக்கும் வரை அது ‘எஸ்பி’தான்

புதிதாக ஒரு நீர்ச்செடியைக் கண்டுபிடித்திருக்கிறோம் என்று சொன்னால் எல்லோரும் கேட்பது காட்டைப் பற்றித்தான். அட்டை கடித்ததா, பாம்பு பார்த்தீர்களா, ராத்திரி எங்கே தங்கினீர்கள். என் சித்தி ஒரு படி மேலே போய், “தனியாவாடி போன?” என்று கோபித்துக்கொண்டார். உண்மையைச் சொன்னால் சப்பென்று போய்விடும். அந்தச் செடியை நான் முதலில் பார்த்தது ஈரத்துணி சுற்றிய ஒரு பிளாஸ்டிக் டப்பாவில். நாலைந்து இலை, ஒரு கொத்து வேர், சேற்று வாடை. டப்பா மூடியில் மார்க்கரால் ‘கிரிப்டோகோரைன் எஸ்பி’ என்று எழுதியிருந்தது. பேரினம் தெரிகிறது, சிற்றினம் எதுவென்று தெரியவில்லை என்பதைத்தான் எஸ்பி என்று போடுவோம். எங்கள் ஆய்வுக்கூடத்தில் எஸ்பி எழுதிய தொட்டிகளுக்குக் குறைவே இல்லை. அதில் பெரும்பாலானவை கடைசியில் ஏற்கெனவே பெயர் உள்ள செடியாகத்தான் முடியும்.

நான் தாவரப் படம் வரைபவள். வகைப்பாட்டியல் ஆராய்ச்சிக்கென்று சேர்ந்தேன். நான் நோட்டில் கோடு போடுவதைப் பார்த்த சார், “நீ முதல்ல இதை வரை, மத்ததை அப்புறம் பாக்கலாம்” என்றார். அந்த ‘அப்புறம்’ இன்னும் வரவில்லை. இந்தச் செடியை அறிவிக்கும் கட்டுரையின் ஆசிரியர்களில் என் பெயரும் இருக்கிறது என்பதால்தான் இதை எழுதத் துணிந்தேன்.

இரண்டு விஷயங்களை இங்கே சொல்ல மாட்டேன். ஒன்று, செடிக்கு வைத்திருக்கும் பெயர். தாவரப் பெயர்களுக்கென்று பன்னாட்டு விதித்தொகுப்பு ஒன்று இருக்கிறது. விளக்கம், வகை மாதிரி (அந்தப் பெயருக்குச் சாட்சியாக வைக்கும் காய்ந்த செடி) எல்லாவற்றோடும் முறையான இதழிலோ நூலிலோ வந்தால்தான் பெயர் செல்லும். 2012 ஜனவரி 1 முதல் இணையத்தில் மட்டும் வரும் பிடிஎஃப் கூடச் செல்லும், ஆனால் அந்த இதழுக்கு ஐஎஸ்எஸ்என் என்ற பன்னாட்டுப் பதிவெண் இருக்க வேண்டும். என் வலைப்பதிவுக்கு அந்த யோகம் இல்லை. இங்கே பெயரைச் சொல்லி, நாலு பேர் அதைப் பயன்படுத்த ஆரம்பித்துவிட்டால், விளக்கமில்லாத வெறும் பெயர் ஒன்று ஊர் சுற்றிக்கொண்டிருக்கும். பின்னால் வருகிறவர்களுக்கு அது பெரிய தலைவலி. சொல்லாமல் விடும் இன்னொன்று, செடி கிடைத்த இடம். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

கிரிப்டோகோரைன், சேம்புக் குடும்பத்தைச் சேர்ந்த பேரினம். இந்தியா, இலங்கை தொடங்கி நியூ கினி வரை ஓடைகளிலும் சதுப்புகளிலும் வளரும். 60க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் உண்டு. மீன் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு ‘கிரிப்ட்’ என்றால் உடனே தெரியும். வாங்கி வந்து வைத்ததும் இலையெல்லாம் கூழாகக் கரைந்து, ‘செத்துவிட்டது’ என்று பிடுங்கிப் போடப் போகும்போது அடியிலிருந்து புதிதாகத் துளிர்க்குமே, அதே செடிதான்.

இந்தப் பேரினத்தில் இலையை நம்பக் கூடாது. ஒரே செடி நீருக்குள் இருந்தால் நீளமாக, அலை அலையாக, செம்பழுப்பு இலை விடும். அதையே தொட்டியில் வைத்துத் தண்ணீர் மட்டத்தைக் குறைத்துவிட்டால், குட்டையாக, பச்சையாக, வேறு செடியோ என்று சந்தேகப்படும்படி மாறிவிடும். வெளிச்சம், மண், ஓடையின் வேகம் எல்லாம் இலையில் தெரியும். அதனால் இலையை வைத்துப் பெயர் சொன்னவர்கள் நிறையத் தடுமாறியிருக்கிறார்கள். மீன் தொட்டி உலகில் ‘நெவில்லி’ என்ற பெயரில் பல காலம் ஒரு குட்டைச் செடி விற்கப்பட்டது. டிரைமன் என்ற தாவரவியலாளர் இலங்கைச் செடிக்கு வைத்த கிரிப்டோகோரைன் நெவில்லி வேறு செடி. விற்றுக்கொண்டிருந்தது இன்று வில்லிசி என்று அழைக்கப்படும் கலப்பினம். வளர்த்தவர்கள் அத்தனை பேரும் தவறான பெயரையே சொல்லிக்கொண்டிருந்தார்கள், செடிக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஆக, பூ வேண்டும். டப்பாவில் வந்த செடிக்குப் பூ இல்லை. செடியைக் கொண்டுவந்த அண்ணனிடம், “ஓடையில பூ இருந்துச்சா?” என்று கேட்டேன். “தண்ணி இடுப்புக்கு மேல ஓடுச்சும்மா, பூவைத் தேடவா முடியும்?” என்றார். நியாயம்தான். கிரிப்டோகோரைன் பெரும்பாலும் நீர் வடியும் பருவத்தில், இலை வெளியே தலைகாட்டும்போது பூக்கும். ஓடை நிறைந்து ஓடும் காலத்தில் போனால் இலைதான் மிச்சம்.

சரி என்று தொட்டியில் நட்டோம். மேலே கண்ணாடி மூடி, உள்ளே புழுக்கம், அடியில் இரண்டு விரல் தண்ணீர். அமிலத்தன்மையுள்ள கருந்தண்ணீர் ஓடைச் செடிகளுக்கு ஐரோப்பிய வளர்ப்பாளர்கள் பீச் மர இலைமக்கைப் பயன்படுத்துவார்கள். நாங்கள் கிடைத்த இலைமக்கையும் ஆற்று மணலையும் கலந்து வைத்தோம். அப்புறம் காத்திருப்பதுதான். இந்தக் காத்திருப்பைப் பற்றி எந்தக் கட்டுரையிலும் ஒரு வரி வராது. ‘வளர்ப்பில் பூத்த செடியிலிருந்து விவரிக்கப்பட்டது’ என்று போட்டுவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுவார்கள்.

மொட்டு வந்தபோது முதலில் யாருக்கும் தெரியவில்லை. இலைக்காம்புகளுக்கு நடுவே, கொஞ்சம் முறுக்கிய இன்னொரு இலை மாதிரிதான் இருந்தது. நுனி கருஞ்சிவப்பாக மாறிய பிறகுதான் சார் குனிந்து பார்த்துவிட்டு, “பிளேடு எடுத்து வை” என்றார்.

இந்தப் பூவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் மொத்தச் சமாசாரமும் இதற்குள்தான் இருக்கிறது. வெளியே தெரிவது பூவே இல்லை, பாளை. தென்னம்பாளை என்கிறோமே, அதே உறுப்புதான். இங்கே அது ஒரு நீண்ட குழாயாக மாறியிருக்கிறது. மேல்நுனி விரிந்து ஒரு தகடாகத் திறக்கும். அந்தத் தகட்டின் நிறம், வழவழப்பாக இருக்கிறதா பருப்பருவாக இருக்கிறதா, முறுக்கு எந்தப் பக்கம், நுனியில் வால் உண்டா, குழாய்க்குள் இறங்கும் இடத்தில் கழுத்துப்பட்டை மாதிரி ஒரு வளையம் உண்டா என்று எல்லாவற்றையும் குறித்துக்கொள்ள வேண்டும். குழாயின் நீளத்தை மட்டும் பெரிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தண்ணீர் ஆழமானால் குழாயும் நீளும், தகடு எப்படியாவது மேலே வந்தாக வேண்டும் அல்லவா.

குழாயின் அடிப்பகுதி கொஞ்சம் பருத்து ஒரு குடுவையாக இருக்கும். பல செடிகளில் அது சேற்றுக்குள் புதைந்திருக்கும். உண்மையான பூக்கள் அந்தக் குடுவைக்குள்தான். பார்க்க வேண்டுமென்றால் வெட்டித்தான் ஆக வேண்டும். புது பிளேடை நடுவில் ஒடித்து, முனையைக் குடுவையின் பக்கவாட்டில் வைத்து, உள்ளே இருக்கும் கதிரில் படாமல் ஒரே இழுப்பாக மேலே கொண்டுபோக வேண்டும். சுவர் எதிர்பார்த்ததைவிடத் தடிமனாக, பஞ்சு மாதிரி காற்றறைகளோடு இருக்கும். பிளவை ஊசியால் விரித்ததும் நுண்ணோக்கியின் வெளிச்சத்தில் உள்சுவர் முழுக்க ஊதாப் புள்ளிகள். நடுவே கதிர், ஒரு சென்டிமீட்டர் கூட இருக்காது. அதன் அடியில் ஒரே வட்டமாகப் பெண்பூக்கள், எங்கள் செடியில் ஆறு. அவற்றுக்கு மேலே வாசனை விடும் சின்னச் சின்ன மஞ்சள் முண்டுகள். அப்புறம் வெறும் தண்டு. உச்சியில் ஆண்பூக்கள், நெருக்கமாக. இவை எல்லாவற்றுக்கும் மேலே, குடுவையின் வாயை மறைத்தபடி குழாய்ச் சுவரிலிருந்து தொங்கும் ஒரு மடிப்பு.

பாளை திறந்ததும் பெண்பூக்கள்தான் முதலில் தயாராக இருக்கும். வாசனைக்கு வரும் சிறு ஈக்கள் குழாய் வழியாகக் குடுவைக்குள் இறங்கி மாட்டிக்கொள்ளும். வேறு பூவிலிருந்து மகரந்தம் ஒட்டிக்கொண்டு வந்திருந்தால் அது சூலகமுடியில், அதாவது பெண்பூவின் மகரந்தம் ஏற்கும் நுனியில் படும். பிறகுதான் ஆண்பூக்கள் மகரந்தத்தை விடும். அதுவும் தூளாக இல்லை. மகரந்தப்பையின் கொம்பு போன்ற நுனியிலிருந்து பிசுபிசுப்பான துளியாக வரும். அந்தத் துளியைப் பூசிக்கொண்டு ஈ வெளியேறும். நான் வரைந்த பூவுக்குள்ளும் ஓர் ஈ இருந்தது. மூடிய கூடத்துக்குள் அது எங்கிருந்து வந்ததென்று இன்றுவரை புரியவில்லை. சார் அதையும் ஆல்கஹாலில் போட்டு வைத்துவிட்டார்.

சூலகமுடியின் வடிவம்தான் எங்களை நிமிர்ந்து உட்கார வைத்தது. நெருங்கிய உறவு என்று நாங்கள் நினைத்த செடிகளில் அது அகன்று நீள்வட்டமாக இருக்கும். இதில் குறுகி, நுனி வெளிப்பக்கம் வளைந்து இருந்தது. தகட்டின் பருக்களும் வரிசை பிடித்து நின்றன. “புதுசா சார்?” என்றேன். “புதுசுன்னு எவன் சொன்னான்? எல்லாப் பழசையும் பாத்துட்டு வா” என்றார்.

எல்லாப் பழசையும் பார்ப்பது. கண்டுபிடிப்பு என்ற சொல்லுக்குள் மறைந்திருக்கும் வேலை இதுதான். ஓடையிலிருந்து ஒரு செடியைப் பிடுங்கி வர யாராலும் முடியும். ‘இதற்கு முன் யாரும் இதற்குப் பெயர் வைக்கவில்லை’ என்று சொல்ல, இதுவரை வைத்த அத்தனை பெயரையும், அந்தப் பெயர் எந்த மாதிரியின் மேல் வைக்கப்பட்டது என்பதையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு வகை மாதிரி உண்டு. ஏதோ ஒரு ஹெர்பேரியத்தில், அதாவது உலர்ந்த செடிகளின் காப்பகத்தில், அட்டையில் ஒட்டிய காய்ந்த செடி. சந்தேகம் வந்தால் அதுதான் சாட்சி.

இதில் சில மாதிரிகளின் கதை நம் பக்கமும் வருகிறது. செடிகளுக்கு இரட்டைப் பெயர் வைக்கும் முறையை நிலைநாட்டிய லின்னேயஸின் மாணவர் கோனிக், தரங்கம்பாடியில் இருந்துகொண்டு ஐரோப்பாவுக்குச் செடிகளை அனுப்பிவந்தார். சுவீடனில் அவரோடு தொடர்பில் இருந்தவர் ரெட்சியஸ். இன்று கிரிப்டோகோரைன் ஸ்பைராலிஸ் என்று சொல்லும் செடியை 1779இல் ஏரம் ஸ்பைரேல் என்ற பெயரில் விவரித்தவர் அவர்தான். அப்போது கிரிப்டோகோரைன் என்ற பேரினமே கிடையாது, அது 1830இல்தான் வந்தது. ஆகவே கிரிப்டோகோரைன் என்று மட்டும் தேடினால் போதாது. ஏரம் என்றும் அம்புரோசினியா என்றும் பழைய புத்தகங்களில் ஒளிந்திருப்பதையும் தோண்ட வேண்டும்.

சில மாதிரிகள் இல்லவே இல்லை. சேம்புக் குடும்பத்தைக் கரைத்துக் குடித்த ஜெர்மன் தாவரவியலாளர் எங்லர் வேலை பார்த்தது பெர்லினில். 1943 மார்ச்சில் குண்டு விழுந்து பெர்லின் ஹெர்பேரியத்தின் பெரும்பகுதி எரிந்து சாம்பலானது. இன்றும் ஏதாவது ஒரு பழைய பெயரின் வகை மாதிரியைத் தேடிப் போனால், பல நேரம் இந்தச் சாம்பலில்தான் போய் முட்ட வேண்டியிருக்கிறது. நல்ல வேளையாக, சேகரித்தவர்கள் ஒரே செடியின் படிகளை வேறு இடங்களுக்கும் அனுப்புவது வழக்கம். அவற்றைத்தான் தேடிப் பிடிக்க வேண்டும்.

இப்போது பல ஹெர்பேரியங்கள் அட்டைகளைப் படமெடுத்து இணையத்தில் போட்டுவிட்டன, அது பெரிய வரம். ஆனால் குடுவைக்குள் இருக்கும் சூலகமுடி படத்தில் தெரியாது. ஓர் இடத்தில் மாதிரியைக் கேட்டுப் பார்த்தோம், பல கடிதங்களுக்குப் பிறகும் பதிலே வரவில்லை. இன்னோர் இடத்தில் அட்டையோடு வந்த சிறு உறைக்குள் உதிர்ந்த பாளை ஒன்று கிடந்தது. அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று அனுமதியும் தந்தார்கள். காய்ந்த பூவை வெந்நீரில் ஒரு சொட்டு சோப்புத் திரவம் விட்டு ஊறவைத்தால் கொஞ்ச நேரத்தில் மெல்ல உப்பி, விரியும். நூறு வருடத்துக்கு மேல் காய்ந்து கிடந்த பாளை அது. பிளவை விரித்தபோது சூலகமுடி அகன்று, நீள்வட்டமாக இருந்தது. எங்கள் செடி இல்லை. அப்போதுதான் சார் முகத்தில் முதல் தடவையாக ஒரு சிரிப்பு வந்தது.

ஹெர்பேரிய அலமாரிகளே ஒரு காடு. 2010இல் வந்த ஓர் ஆய்வின்படி, புதிதாக விவரிக்கப்பட்ட தாவரங்களில் 16 விழுக்காடு மட்டுமே சேகரித்த ஐந்து ஆண்டுகளுக்குள் பெயர் பெற்றவை. ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குக்கு 50 ஆண்டுக்கு மேல் பழைய மாதிரிகள் தேவைப்பட்டிருக்கின்றன. அதாவது செடி அலமாரிக்கு வந்துசேர்ந்துவிடும், யாரோ ஒருவர் திரும்பிப் பார்க்கத்தான் காலமாகும்.

இதற்கு நீர்ச்செடிகளிலேயே சிறந்த உதாரணம் விக்டோரியா பொலிவியானா. இலைமேல் குழந்தையை உட்கார வைத்துப் படம் எடுப்பார்களே, அந்த ராட்சத அல்லிக் கூட்டம்தான். அமேசானிகா, குரூசியானா என்று இரண்டுதான் இருப்பதாக எல்லோரும் நினைத்திருந்தார்கள். லண்டன் கியூ தோட்டத்தின் கார்லோஸ் மக்தலேனாவுக்கு 2006இல் இணையத்தில் ஒரு படத்தைப் பார்த்ததும் சந்தேகம் வந்திருக்கிறது. 2016இல் பொலிவியாவின் தோட்டங்கள் விதை கொடுத்தன. கியூவில் மூன்றையும் பக்கத்துப் பக்கத்தில் வளர்த்த பிறகுதான் வித்தியாசம் தெளிவாகத் தெரிந்தது. 2022 ஜூலையில் கட்டுரை வந்தது. அந்தச் செடியின் மாதிரி 177 ஆண்டுகளாகக் கியூ ஹெர்பேரியத்திலேயே வேறு பெயரில் இருந்திருக்கிறது! மூன்று மீட்டருக்கு மேல் இலை விடும் ஒரு செடி. இவ்வளவு பெரிதே கண்ணில் படாமல் போகும்போது என் ஒரு சாண் செடி எம்மாத்திரம். அந்தக் கட்டுரைக்குப் படம் வரைந்த லூசி ஸ்மித், பூ ராத்திரியில் திறக்கும் என்பதால் ராத்திரி நேரத்தில் கண்ணாடிக் கூடத்துக்குள் உட்கார்ந்து வரைந்திருக்கிறார். அதைப் படித்தபோது எனக்குப் பொறாமையும் நிம்மதியும் சேர்ந்து வந்தன.

பழசெல்லாம் பார்த்தாகிவிட்டது. அடுத்த சந்தேகம் கலப்பினம். கிரிப்டோகோரைன்கள் இயற்கையிலேயே கலந்துவிடும். ரிட்லி என்ற தாவரவியலாளர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பர்பூரியா என்று தனிச் சிற்றினமாக விவரித்ததை, இப்போது கார்டேட்டா, கிரிஃபித்தி என்ற இரண்டு சிற்றினங்கள் கலந்தது என்றே ஏற்கிறார்கள். எனவே மகரந்தத்தைக் கண்ணாடித் தகட்டில் எடுத்து, சாயம் ஏற்றிப் பார்த்தோம். நல்ல மகரந்தம் முழுசாக நீலம் பிடிக்கும். கலப்பினங்களில் பெரும்பாலானவை சுருங்கி, வெளிறி, வெறும் உறையாக இருக்கும். எங்களுடையது நன்றாகவே பிடித்தது. வேர்நுனியை நசுக்கிக் குரோமோசோம் எண்ணியவர் வேறொரு மாணவி. அந்த வேலைக்கு வேண்டிய பொறுமை என்னிடம் இல்லை, படம் வரைகிற நானே இதைச் சொல்கிறேன். இந்தப் பேரினத்தில் 36, 34, 22 என்று எண்ணிக்கை கூட்டத்துக்குக் கூட்டம் மாறும் என்பதால் அது நல்ல தடயம். டிஎன்ஏவும் பார்த்தோம். விதித்தொகுப்பு அதைக் கட்டாயமாக்கவில்லை, ஆனால் இல்லாமல் அனுப்பினால் இந்தக் காலத்தில் மதிப்பீட்டாளர் விடமாட்டார்.

நிறையப் பேருக்கு ஆச்சரியமாக இருக்கும் ஒன்று: உயிரோடு இருக்கும் செடி வகை மாதிரியாக இருக்க முடியாது. நாங்கள் அத்தனை நாள் தண்ணீர் ஊற்றிப் பார்த்துப் பார்த்து வளர்த்த செடியை, கடைசியில் பிடுங்கி அழுத்தித்தான் ஆக வேண்டும். நீர்ச்செடியை அழுத்துவது தனிக் கலை. நீருக்குள் வளர்ந்த மெல்லிய இலைகளைத் தட்டுத் தண்ணீரில் மிதக்கவிட்டு, அடியில் தாளை நுழைத்து, தூரிகையால் இலையை விரித்தபடியே மெல்லத் தூக்க வேண்டும். மேலே மெழுகுத் தாள் போடாவிட்டால் இலை செய்தித்தாளோடு ஒட்டி, மறுநாள் தலைப்புச் செய்தி இலையில் அச்சாகியிருக்கும். ஈரம் போகும் வரை தாள் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சை. பாளையை மட்டும் தனியாக ஆல்கஹாலில் போடுவோம். ஆனால் அதில் நிறம் போய்விடும், காய்ந்தாலும் போய்விடும். அதனால் ஆல்கஹாலுக்குள் போவதற்கு முன் நிறத்தைக் குறித்துக்கொள்ளும் பொறுப்பு என்னுடையது. நிற அட்டையைப் பக்கத்தில் வைத்துப் படமும் எடுப்போம், ஆனாலும் ‘ஊதாவில் கொஞ்சம் பழுப்பு, பருவின் உச்சியில் மட்டும் கறுப்பு’ என்று கையால் எழுதி வைத்த குறிப்புதான் பின்னால் உதவும். ஒரு மாதிரியை மூல வகையாக அறிவித்து, எந்த ஹெர்பேரியத்தில் இருக்கிறது என்று எழுத வேண்டும். மற்றப் படிகளை வேறு இடங்களுக்கு அனுப்பிவிட்டோம். பெர்லின் கதை தெரிந்தவர்கள் எல்லாவற்றையும் ஒரே அலமாரியில் வைக்க மாட்டார்கள்.

கட்டுரை எழுதுவதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. 1935 முதல் 2011 முடிய விளக்கமோ வேறுபாட்டுக் குறிப்போ லத்தீனில் இருந்தே ஆக வேண்டும் என்ற விதி இருந்தது. சார் அந்தக் காலத்து ஆள், இன்னும் முதல் வரைவை லத்தீனில்தான் யோசிக்கிறார் என்று எங்களுக்குள் கிண்டல் உண்டு. இப்போது ஆங்கிலம் போதும். ஒரு பத்தி வேறுபாட்டுக் குறிப்பு, ஒரு பக்கம் விளக்கம், என் படம், அட்டவணை. படத்தில் ஒவ்வோர் உறுப்புக்கும் பக்கத்தில் அளவுகோல் போட வேண்டும். புகைப்படம் இருக்கும்போது கோட்டுப்படம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. புகைப்படத்தில் குடுவையின் உள்ளே பாதி நிழலில் இருக்கும், முன்னால் இருக்கும் பூ பின்னால் இருக்கும் பூவை மறைக்கும். கோட்டுப்படத்தில் எது முக்கியமோ அதை மட்டும் தெளிவாகக் காட்டலாம், ஆறு பூவில் எதை எந்தக் கோணத்தில் திருப்ப வேண்டும் என்று நான் முடிவு செய்யலாம். என் பிழைப்புக்காகச் சொல்கிறேன் என்று நினைத்தாலும் பரவாயில்லை.

பெயர் வைப்பதில்தான் கூடத்தில் சண்டை வந்தது. விதிப்படி தன் பெயரையே வைத்துக்கொள்ளத் தடை இல்லை, ஆனால் அதைவிட அசிங்கம் இந்தத் துறையில் வேறில்லை. பணம் தருபவர் பெயர், தலைவர் பெயர் என்றெல்லாம் பேச்சு வந்தது. செடியைத் தண்ணீரில் முங்கி எடுத்து வந்த அண்ணன் பெயரை வைக்கலாம் என்றேன். அவர் வேண்டவே வேண்டாம் என்றுவிட்டார். கடைசியில் செடியின் உடல் சார்ந்த ஒரு பெயரே வந்தது. கிரிப்டோகோரைன் பெண்பால் என்பதால் பெயரின் கடைசி எழுத்தை அதற்குத் தக்கபடி திருத்தி, இரண்டு தடவை சரிபார்த்தோம்.

இப்போது இடத்தைப் பற்றி. செடி ஒரே ஓடையில்தான் கிடைத்திருக்கிறது. அழிவு மதிப்பீட்டில் பரப்பைக் கணக்கிட இரண்டு கிலோமீட்டர் கட்டங்களாகப் போடுவார்கள், அப்படிப் போட்டால் நமக்குக் கிடைப்பது ஒரே கட்டம், 4 சதுர கிலோமீட்டர். உண்மையில் செடி நிற்கும் இடம் அதில் ஒரு மூலைகூட இல்லை. மணல் அள்ளினாலோ மேலே ஓர் அணை கட்டினாலோ அவ்வளவுதான். இதெல்லாம் இல்லாவிட்டாலும் சேகரிப்பவர்கள் போதும். போர்னியோவின் புசிஃபலாண்ட்ரா இப்படித்தான். 1858இல் ஷாட் என்ற தாவரவியலாளர் நிறுவிய, சேம்புக் குடும்பத்துப் பேரினம் அது. 2014இல் வொங், பாய்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரே கட்டுரையில் பல புதிய சிற்றினங்களை விவரித்தபோது, அவற்றைப் போன்ற செடிகள் ஏற்கெனவே விதவிதமான விற்பனைப் பெயர்களில் மீன் தொட்டிகளுக்குப் போய்க்கொண்டிருந்தன. எந்தப் பாறையில் பறித்தது என்ற குறிப்பு இல்லாத செடி, எங்களைப் பொறுத்தவரை ஊமை.

ருவாண்டாவின் வெந்நீர் ஊற்று ஒன்றில் 1987இல் தாவரவியலாளர் எபர்ஹார்ட் ஃபிஷர் கண்டெடுத்த நிம்ஃபியா தெர்மாரம் கதை இன்னும் மோசம். ஒரு சென்டிமீட்டர் அளவுக்குக்கூட இலை விடும், உலகின் மிகச் சிறிய அல்லி. ஊற்றுத் தண்ணீர் வேறு பயன்பாட்டுக்குப் போனதில் 2008 வாக்கில் அந்த இடத்திலிருந்தே காணாமல் போனது. 2009இல் அதே மக்தலேனா, ஈரமான மண்ணில் காற்றுப் படும்படி வளர்த்துக் காப்பாற்றினார். 2014 ஜனவரியில் அதில் ஒரு செடியைக் கியூவிலிருந்து யாரோ திருடிவிட்டார்கள். இதைப் படித்த பிறகு என் செடியின் ஆயத்தொலைவை யார் கேட்டாலும் வாயைத் திறப்பதில்லை. கட்டுரையிலும் மாவட்ட அளவில்தான் சொல்லியிருக்கிறோம். முழு விவரம் ஹெர்பேரியத்தில் இருக்கும், தேவைப்படும் ஆய்வாளர் காரணம் சொல்லிக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

கட்டுரை இப்போது மதிப்பீட்டில். முதல் கடிதம் வந்துவிட்டது. ஒரு மதிப்பீட்டாளர் சூலகமுடியைப் பக்கவாட்டிலும் காட்டச் சொல்லியிருக்கிறார், நல்ல யோசனை, அதைத்தான் இந்த வாரம் வரைந்துகொண்டிருக்கிறேன். இன்னொருவர் கேட்டது கொஞ்சம் சங்கடமானது: காய் எங்கே? ‘காய் காணப்படவில்லை’ என்றுதான் நாங்கள் எழுதியிருந்தோம். எத்தனையோ சிற்றினங்கள் அந்த வரியோடே வெளிவந்திருக்கின்றன. ஆனால் கேட்டபின் முயற்சி செய்யாமல் இருக்க முடியாதே.

ஒரே பூவின் மகரந்தம் அதே பூவின் சூலகமுடிக்கு உதவாது, அது வருவதற்குள் இது வாடிவிடும். அதனால் ஒரு செடியில் ஆண்பூ தயாராக இருக்கும்போது இன்னொன்றின் பாளை அப்போதுதான் திறக்க வேண்டும். போன வாரம் அப்படி இரண்டு அமைந்தன. திறந்த பாளையின் குடுவையில் பிளேடால் ஒரு சின்னச் சன்னல் வெட்டி, நுனி நறுக்கிய தூரிகையால் மகரந்தப் பிசினைத் தொட்டு, ஆறு சூலகமுடியிலும் வைத்து, சன்னலை மூடி, ஈரப் பாசியைச் சுற்றினேன். எங்களிடம் இருக்கும் செடிகள் எல்லாம் ஒரே கிழங்கின் ஓடுகொடிகளாக இருந்தால், இதுவும் ஒட்டாமல் போகலாம். அண்ணன், தண்ணீர் வடியும் பருவத்தில் இன்னொரு தடவை ஓடைக்குப் போய் வருகிறேன் என்றிருக்கிறார். இந்த முறை ஓடையின் மேற்பக்கத்துச் செடிகளையும் தனித்தனி டப்பாவில் எடுத்து வரச் சொல்லியிருக்கிறோம்.